வரைகலைத் திரையின்றி எழும் லினக்ஸ்: தீர்மானம் எங்கே குடியிருக்கிறது?

லினக்ஸ் இயங்கும் கணினி ஒன்றை, சாளரங்களும் சின்னங்களும் நிறைந்த வரைகலை மேசைத்தளம் தலைகாட்டாமல், கறுப்புத் திரையில் வெறும் எழுத்துக்களோடு எழுந்து நிற்கச் செய்வது எப்படி என்ற வினா, ஒரு வரியில் விடை கூறிவிடத்தக்க அற்ப விஷயமாகத் தோன்றினும், கடந்த முப்பது ஆண்டுகளில் அதற்கு அளிக்கப்பட்ட விடைகளை ஒருசேர வைத்து நோக்குவோர்க்கு அது அத்தனை எளியதன்று என்பது விளங்கும். ஒரு காலத்தில் ரெட் ஹாட் லினக்ஸை உபயோகித்தவர் ஒரு கோப்பில் 5 என்ற எண்ணை 3 என்று திருத்தினார்; காரியம் முடிந்தது. அதே காலத்தில் அதே திருத்தத்தை டெபியனில் செய்தவர் பயன் ஏதும் காணாமல் திகைத்தார். உபுண்டுவில் சில ஆண்டுகள் துவக்க வரியின் கடைசியில் ஒரு சொல்லைச் சேர்ப்பது போதுமானதாக இருந்தது. பின்னர் அச்சொல்லைக் கேட்பார் இல்லாமற் போயிற்று. இன்று பெரும்பாலான வழங்கல்களில் சிஸ்டம்டி என்னும் நிர்வாக நிரலிடம் இலக்கு ஒன்றை மாற்றிச் சொல்கிறோம்.

இவ்விடைகளுள் ஒவ்வொன்றும் தன் காலத்தில், தன் இடத்தில் செல்லுபடியாயிற்று. ஆகையால் எது சரி, எது பிழை என்று தீர்ப்புரைப்பது அத்தனை பயனுடையதாகாது. 'வரைகலை வேண்டுமா, வேண்டாமா' என்ற தீர்மானம் இயந்திரத்தின் எந்த அடுக்கில், எவருடைய அதிகாரத்தின்கீழ் இருக்க வேண்டும் என்பதில்தான் இவை உண்மையில் வேறுபடுகின்றன. அவ்வேறுபாட்டின் மூலத்தையும் பலஹீனங்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வினா பிறந்த சூழ்நிலை

யூனிக்ஸ் தோன்றிய காலத்தில் இவ்வினாவுக்கு இடமே இல்லை. 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் உருப்பெறத் தொடங்கிய அம்முறை, காகிதச் சுருளில் அடித்துத் தள்ளும் தொலையச்சு முனையங்களோடு பேசிப் பழகியது; எழுத்தே அதன் இயல்பு. 1984-இல் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முளைத்து, 1987-இல் பதினோராம் பதிப்பை எய்திய எக்ஸ் சாளர முறை, அவ்வெழுத்துலகின்மேல் பிற்காலத்தில் எழுப்பப்பட்ட மாடியே அன்றி அஸ்திவாரமன்று. 1991-இல் ஹெல்சிங்கியில் லினஸ் டார்வல்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டபோதும் நிலைமை அதுவேதான். மறு ஆண்டில் ஓரெஸ்ட் ஸ்போரோவ்ஸ்கி எக்ஸ் முறையை லினக்ஸில் இயங்கச் செய்த பின்னரும், அக்காலத்துப் பயனர் எழுத்துத் திரையில் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் தந்து நுழைந்து, பிறகு 'ஸ்டார்ட்எக்ஸ்' என்று தாமே கட்டளையிட்டால்தான் படத்திரை எழுந்தது. வரைகலையை எழுப்புவதே அன்றைய கவலை; நிறுத்துவது எவருக்கும் கவலையாக இருக்கவில்லை.

நிலைமை தலைகீழாகத் திரும்பியதற்குக் காரணம் எக்ஸ்டிஎம் என்ற சிறிய நிரல். 1988-இல், எக்ஸ் பதினோராம் பதிப்பின் மூன்றாம் வெளியீட்டோடு, கீத் பாக்கார்டின் கைவண்ணமாக வந்த இது, கடவுச்சொல் கேட்கும் வாயிலையே வரைகலையாக்கிற்று. வீட்டுப் பயனரை நாடிச் சென்ற லினக்ஸ் வழங்கல்கள் இந்நிரலையோ, இதன் வழித்தோன்றல்களான ஜிடிஎம், கேடிஎம் முதலியவற்றையோ துவக்க வரிசையிலேயே சேர்த்துவிட்ட நாள் முதல்தான், மாடி வழியாகவே வீட்டுக்குள் நுழைய வேண்டிய விசித்திரம் நேர்ந்தது. தரைத்தளத்துக்குப் போகும் வழி எது என்று கேட்போரும் தோன்றினர்.

கேட்டவர்கள் ஒரே வகையினர் அல்லர். மனிதர் முகம் பாராத வழங்கிக் கணினிகளை நிர்வகிப்போர், நினைவகம் குறைந்த பழைய பெட்டிகளை ஓட்டுவோர், கணினி எழுந்ததும் ஒரே ஒரு நிரல் மட்டும் ஓடினால் போதும் என்ற கருவிகளைச் சமைப்போர் எனப் பலர். ஆயினும் மிகுந்த பதற்றத்தோடு கேட்டவர், திரை அட்டைக்குப் பொருந்தாத இயக்கி நிரலை ஏற்றிவிட்டு, அடுத்த முறை கணினியை எழுப்பியபோது திரை இமைத்து இமைத்து அணைவதைப் பார்த்து நின்றவரே. எக்ஸ் விழுந்தால் அதை மீண்டும் எழுப்புக என்று, கணினியில் முதலில் எழும் இனிட் நிரலுக்குக் கட்டளை இருந்தபடியால், அது விழுந்தது, எழுப்பப்பட்டது, மீண்டும் விழுந்தது. விரல் விசைப்பலகையைத் தொடுமுன் திரை மாறிக்கொண்டிருந்தது. மிகுந்த வேகத்தில் எழுந்து விழும் அப்பணியை ஐந்து நிமிடம் முடக்கி வைப்பதாக அந்த இனிட் நிரல் அறிவிக்கும் வரை அவருக்கு விமோசனமில்லை.

மேசைத்தளம் என்பது ஒரு பொருளா?

விடைகளை ஆராயுமுன் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது அவசியம். 'வரைகலை' என்று பொதுப்பட நாம் சுட்டுவது உண்மையில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த நான்கு அடுக்குகள். இயங்குதளத்தின் கருவாகிய கெர்னலுக்குள் இருந்து திரையின் தெளிவையும் வேகத்தையும் நிர்ணயிக்கும் இயக்கி முதலாவது. திரையில் எவர் எங்கே வரையலாம் என்று பங்கிட்டுக் கொடுக்கும் எக்ஸ் அல்லது வேலண்ட் வழங்கி இரண்டாவது. கடவுச்சொல் கேட்டு வாயிலில் நிற்கும் புகுபதிகை நிரல் மூன்றாவது. நோம், கேடிஇ முதலான மேசைத்தளம் நான்காவது. இவற்றுள் எதை வெட்டினாலும் பெரும்பாலும் மேசைத்தளம் தானாக எழுவதில்லை. ஆனால் வெட்டிய இடம் வேறு, அதன் விளைவும் வேறு.

பரவலாக வழங்கிவரும் இரண்டு தவறான யோசனைகள் இக்குழப்பத்தில் பிறந்தவையே. துவக்க வரியிலிருந்து 'குவையட்', 'ஸ்பிளாஷ்' என்னும் இரு சொற்களை நீக்கினால் எழுத்துமுறையில் கணினி எழும் என்பது ஒன்று. அவை துவக்கச் செய்திகளையும், 2008-இல் ஃபெடோரா 10-இல் அறிமுகமான பிளிமத் போன்ற துவக்கப் படங்களையும் சார்ந்த சொற்கள். அவற்றை நீக்கினால் எழும்போது செய்திகள் ஓடுவது தெரியும், எழுந்து முடிந்ததும் மேசைத்தளம் வழக்கம்போல் வந்து அமரும். 'நோமோட்செட்' என்ற சொல் வரைகலையை நிறுத்தும் என்பது மற்றொன்று. அது முதலடுக்காகிய இயக்கியைத்தான் அடக்குகிறது. பல கணினிகளில் மேலடுக்குகள் குறைந்த தெளிவோடு எழுந்தே தீருகின்றன. நோய் ஓரிடத்தில் இருக்க மருந்து வேறிடத்தில் பூசப்படுகிறது என்பதைத் தவிர இவ்விரண்டிலும் வேறு குற்றம் காண இயலாது.

எண்ணின் ஆட்சி

முதன்முதலாக இவ்வினாவுக்கு ஒரு முறையான விடை தந்தது, ஏடி அண்டு டி நிறுவனம் 1983-இல் வெளியிட்ட சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸின் வழிவந்த 'ரன்லெவல்' என்ற இயங்குநிலைக் கொள்கை. கணினி எந்நேரமும் ஏதேனும் ஓர் எண்ணிட்ட நிலையில் இருக்கிறது. 0 என்றால் அணைவது, 6 என்றால் அணைந்து எழுவது, 1 என்றால் நிர்வாகி ஒருவர் மட்டும் தனித்து வேலை செய்வது. எஞ்சிய எண்களுக்கு அவரவர் பொருள் வகுத்துக்கொள்ளலாம். மிக்கேல் ஃபான் ஸ்மூரன்பர்க் லினக்ஸுக்காக எழுதிய சிஸ்வினிட் நிரல் இக்கொள்கையை அப்படியே கொண்டுவந்தது.

ரெட் ஹாட் வகுத்துக்கொண்ட பொருள்தான் பெரும்பாலோர் நினைவில் நிலைத்தது: 3 என்றால் பலர் நுழையத்தக்க முழுமையான கணினி, ஆனால் எழுத்துத் திரை, 5 என்றால் அதுவே, வரைகலை வாயிலோடு. இனிட்டாப் என்னும் கோப்பின் தொடக்கத்தில் இயல்புநிலை எண் ஒரு வரியில் எழுதப்பட்டிருக்கும். அதன் முடிவில், ஐந்தாம் நிலையில் மட்டும் புகுபதிகை நிரலை ஓட்டுக என்று ஒரு வரி இருக்கும். எண்ணை மாற்றினால் நிரந்தர மாற்றம். ஓடுகின்ற கணினியில் நிர்வாகி 'இனிட் 3' என்றால் தற்காலிக மாற்றம். இரண்டுக்கும் ஒரே மொழி. இந்தச் சுருக்கத்தின் அழகை மறுப்பதற்கில்லை. சிஸ்வினிட் பெரும்பாலும் வழக்கொழிந்த பிறகும் பலருடைய விரல்கள் அந்த இரு சொற்களையே தட்டுவது இதனால்தான்.

ஆனால் எண் என்பது பெயரன்று. மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையே உள்ள வேறுபாடு அவ்வெண்களுக்குள் இல்லை. வழங்கலின் சம்பிரதாயத்தில் இருக்கிறது. ஸ்லாக்வேரில் வரைகலைக்கு உரிய எண் 4. அங்கே 5 பயனற்றுக் கிடக்க, இயல்புநிலை 3 ஆகவே இருந்துவந்தது. குறுந்தகட்டிலிருந்தே ஓடும் நாப்பிக்ஸில் எழுத்துத் திரை வேண்டுவோர் 2 என்ற எண்ணைச் சேர்த்துத் தட்டினர். லினக்ஸ் ஸ்டாண்டர்டு பேஸ் என்ற பொது விதித்தொகுப்பு, 3 வலையோடு கூடிய முழுநிலை, 5 அதனோடு வரைகலை வாயில், 4 அவரவர் விருப்பத்துக்கு என்று ஒழுங்கு செய்ய முயன்றதும் பூரண வெற்றி பெறவில்லை. எண்கள் ஏறுவரிசையில் இருப்பதால், கணினி ஒன்றிலிருந்து ஐந்துக்குப் படிப்படியாக ஏறுகிறது என்ற தவறான எண்ணத்தையும் அவை விதைத்தன. உண்மையில் அது நேரே தன் நிலைக்குச் செல்கிறது.

இவ்விடத்தில் பிஎஸ்டி மரபைச் சற்று நோக்கலாம். இயங்குநிலை எண்களையே ஏற்காத அம்மரபில் வந்த ஃப்ரீபிஎஸ்டி, முனையங்களைப் பட்டியலிடும் கோப்பில் எக்ஸ்டிஎம்முக்கு ஒரு வரியை ஒதுக்கி, அவ்வரியின் எதிரே 'ஆன்', 'ஆஃப்' என்று எழுதச் சொல்கிறது. வரைகலை வாயிலும் மற்றொரு முனையமே, திறந்திருக்கலாம் அல்லது மூடியிருக்கலாம் என்பதற்கு மேல் அதில் தத்துவம் எதுவுமில்லை. இயங்குநிலைகளைப் பற்றி எழுதப்பட்ட விளக்கங்களின் பருமனை எண்ணும்போது, இந்த ஒரு வரியின் அடக்கம் பொறாமை கொள்ளத்தக்கதாகவே இருக்கிறது.

டெபியனின் மௌனம்

இயங்குநிலை எண்களை ஏற்றுக்கொண்டே அவற்றுக்குப் பொருள் வகுக்க மறுத்தது டெபியன். அங்கே இயல்புநிலை 2. இரண்டு முதல் ஐந்து வரை நான்கு நிலைகளும் ஒன்றுபோலவே அமைந்திருந்தன. ரெட் ஹாட்டிலிருந்து வந்த ஒருவர் 'இனிட் 3' என்று தட்டினால், கணினி பணிவோடு மூன்றாம் நிலைக்குச் சென்றது. மேசைத்தளம் அசையாமல் அங்கேயே இருந்தது.

இது கவனக்குறைவன்று. இயங்குநிலைகளைத் தம் தேவைக்கேற்ப வகுத்துக்கொள்ளும் சுதந்திரம் அக்கணினியின் நிர்வாகிக்கே உரியது, வழங்கலைத் தொகுப்போர் அதில் கைவைக்கலாகாது என்ற கொள்கையின் விளைவு. அதன்படி, வரைகலை வாயில் என்பது அஞ்சல் வழங்கியையோ அச்சு வழங்கியையோ போன்ற ஒரு சேவை. வேண்டாதார் அச்சேவையை நிறுத்திக்கொள்ளட்டும். தீர்மானம் இங்கே கணினியின் நிலையிலிருந்து சேவையின் தலைக்கு இடம் மாறுகிறது. தர்க்கரீதியாக நோக்கின் இது எண்ணின் ஆட்சியைவிடச் சீரான நிலைப்பாடு என்றே கருத வேண்டும். மேசைத்தளத்தை மட்டும் ஒரு தனி நிலையாக உயர்த்திவைக்க உண்மையில் காரணம் ஏதுமில்லை.

ஆயினும் நடைமுறையில் அதன் குறைகள் பல. நிறுத்த வேண்டுபவர் தம் கணினியில் ஓடுவது ஜிடிஎம்மா, கேடிஎம்மா, பின்னாளில் லைட்டிஎம்மா என்று முதலில் அறிந்திருக்க வேண்டும். அறிந்து, துவக்க இணைப்புகளை அடியோடு அழித்துவிட்டாரெனில், அடுத்த முறை அத்தொகுப்பு புதுப்பிக்கப்படும்போது, இணைப்பே இல்லாதிருப்பதைக் கண்ட 'அப்டேட்-ஆர்சிடி' கருவி, இது புதிதாக நிறுவப்பட்ட சேவை போலும் என்றெண்ணி எல்லாவற்றையும் திரும்ப உண்டாக்கிவிடும். அடக்கியதாக நினைத்த மேசைத்தளம் சில வாரங்களுக்குப் பின் ஒரு காலையில் மீண்டும் காட்சி தரும். 'தொடங்கு' என்னும் இணைப்பை அழிக்காமல் 'நிறுத்து' என்னும் இணைப்பாக மாற்றிவைப்பதே சரியான வழி. இல்லாமையும் மறுப்பும் ஒன்றல்ல என்ற இந்நுட்பம் கையேட்டில் தெளிவாக எழுதப்பட்டிருந்தும், அதை அறியாமல் இடர்ப்பட்டவர் பலர். நிர்வாகிக்கு அளிக்கப்பட்ட சுதந்திரத்தை உபயோகித்து நான்கு நிலைகளையும் வேறுவேறாக வகுத்துக்கொண்டவர் மிகச் சிலராகவே இருந்திருக்க வேண்டும். எஞ்சியோர்க்கு அச்சுதந்திரம் விடையற்ற மௌனமாகவே பட்டது.

துவக்க வரியில் ஒரு சொல்

தீர்மானத்தைக் கணினிக்குள் எங்கும் எழுதி வைக்காமல், எழுப்புகிற அக்கணத்தில் மட்டும் சொல்வது வேறொரு வழி. கெர்னலை ஏற்றும் துவக்க நிரலான லிலோவின் காலத்தில் 'லினக்ஸ் 3' என்று தட்டினர். அதனிடத்தில் கிரப் வந்த பின் பட்டியலில் 'இ' விசையை அழுத்தி, கெர்னல் வரியின் கடைசியில் அவ்வெண்ணைச் சேர்த்தனர். இன்றைய சிஸ்டம்டியும் அவ்வரியில் தனித்து நிற்கும் 3 என்ற எண்ணைப் புரிந்துகொள்கிறது. திரை இமைத்து வருந்துவோர்க்கு இதைவிடச் சிறந்த முதலுதவி கிடையாது. அடுத்த முறை எழும்போது அதன் சுவடே இராது என்பதும் ஒரு நன்மை.

இதன் பலஹீனம், அச்சொல்லை கெர்னல் புரிந்துகொள்வதில்லை என்பதிலேயே இருக்கிறது. தனக்குப் பொருள் தெரியாத சொல்லைக் கெர்னல் மேலே அனுப்பிவிடுகிறது. மேலே எவரேனும் அதைப் படித்தால் உண்டு. உபுண்டுவின் 'டெக்ஸ்ட்' என்ற சொல்லின் கதி இதற்குச் சான்று. லைட்டிஎம்மைத் துவக்கும் சிறு கட்டளைத் தொகுப்பு ஒன்றே துவக்க வரியைத் துருவிப் பார்த்து, அச்சொல் இருந்தால் ஒதுங்கிக்கொண்டது. 2015-இல் உபுண்டு சிஸ்டம்டிக்கு மாறி, அத்தொகுப்பு வழக்கொழிந்தபோது, சொல் வரியிலேயே நின்றது. கேட்கும் செவி போய்விட்டது. ஜென்டூவின் 'நோஎக்ஸ்' என்ற சொல்லும் இத்தகைய செவி ஒன்றை நம்பியதே.

பயனர் கையில் சாவி

எழுத்துத் திரையில் நுழைந்தவர் தமக்கு வேண்டும்போது வரைகலையை எழுப்பிக்கொள்ளட்டும் என்ற பழைய ஸ்டார்ட்எக்ஸ் வழக்கம் முற்றாக மறைந்துவிடவில்லை. ஸ்லாக்வேரில் இன்றும் அதுவே மரபு. இதைக் கையாளுவோர், தீர்மானம் கணினிக்கோ நிர்வாகிக்கோ உரியதன்று, ஒவ்வொரு முறையும் நுழைகிற மனிதருக்கே உரியது என்கின்றனர். ஒரே கணினியில் ஒருவர் எழுத்திலும் மற்றவர் படத்திலும் வேலை செய்ய இது இடந்தருகிறது. வாயில் நிரல் பழுதுபட்டால் வீடே பூட்டிக்கொள்ளும் அபாயமும் இல்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றுள் ஒன்று மிக முக்கியமானது. திரையைப் பூட்டிவிட்டு எழுந்து செல்பவரின் கணினியில், வேறொருவர் கண்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு எஃப்1-ஐ அழுத்தி ஸ்டார்ட்எக்ஸ் ஓடுகின்ற எழுத்து முனையத்துக்குச் சென்று, அங்கே கண்ட்ரோல்-சி தட்டினால், எக்ஸ் வீழ்ந்து, உரியவர் பெயரில் திறந்த கட்டளைத் தூண்டி அவர் கையில் கிடைத்துவிடும். பூட்டிய கதவின் பக்கத்தில் திறந்த ஜன்னல். 'எக்ஸெக்' என்ற சொல்லை முன்னே சேர்த்து, எக்ஸ் மறைந்தால் முனையமும் உடன் மறையும்படி செய்யலாம். செய்தவர் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். மேலும், நெடுங்காலம் எக்ஸ் வழங்கி நிர்வாகியின் முழு அதிகாரத்தோடு ஓட வேண்டியிருந்தபடியால், சாதாரணப் பயனர் அதை எழுப்பலாம் என்று விடுவதே ஒரு பாதுகாப்புக் குறையாயிற்று. வேலண்டின் வரவால் இக்குறை குறைந்திருக்கிறது. ஸ்வே போன்ற நிரல்களை எழுத்து முனையத்தில் பெயர் சொல்லி நேரே அழைக்கலாம். ஆகையால் இப்பழைய வழி புதிய உடையில் திரும்பி வருவதாகவே தோன்றுகிறது.

நிகழ்ச்சியும் இலக்கும்

2006-இல் உபுண்டு 6.10-உடன் வந்த அப்ஸ்டார்ட், எண்களின் ஆட்சியை அசைத்த முதல் பெருமுயற்சி. கனானிக்கல் நிறுவனத்தில் ஸ்காட் ஜேம்ஸ் ரெம்னன்ட் எழுதிய இது, கணினி எழுவதை நிலைகளாகக் காணாமல் நிகழ்ச்சிகளின் சங்கிலியாகக் கண்டது. கோப்பு முறைமை தயாராயிற்று, திரை அட்டை கண்டுகொள்ளப்பட்டது என்ற நிகழ்ச்சிகள் நேர்ந்தால் வாயில் நிரல் தானே எழும். ஃபெடோரா 9 முதல் 14 வரையிலும், ரெட் ஹாட் எண்டர்ப்ரைஸ் லினக்ஸ் 6-இலும் இதுவே ஓடிற்று. ஆனால் அவை பழைய இனிட்டாப் கோப்பில் எண்ணைக் கூறும் ஒரு வரியை மட்டும் காப்பாற்றி வைத்தன. நம் வினாவைப் பொறுத்தமட்டில் அப்ஸ்டார்ட் பெரிய முன்னேற்றம் எனக் கொள்வதற்கில்லை. நிகழ்ச்சிகள் பல கூடி எழுப்பும் ஒன்றில் தீர்மானம் இன்ன இடத்தில் உள்ளது என்று விரல் சுட்ட இயலாது; வேண்டாதார் வாயில் நிரலின் பெயரால் ஓர் எதிர்க்குறிப்புக் கோப்பை உண்டாக்கி, அதில் 'மானுவல்' என்று எழுத வேண்டியிருந்தது.

லென்னார்ட் பொட்டரிங்கும் கே சீவர்ஸும் 2010-இல் தொடங்கிய சிஸ்டம்டி, நிகழ்ச்சிகளை விடுத்து சார்புகளைப் பற்றிக்கொண்டது. ஃபெடோரா 15 அதை 2011-இல் ஏற்றது. ரெட் ஹாட் எண்டர்ப்ரைஸ் லினக்ஸ் 7 2014-லும், டெபியன் 8-உம் உபுண்டு 15.04-உம் 2015-லும் பின்தொடர்ந்தன. எண்களின் இடத்தில் இங்கே பெயர்கள் வந்தன. மல்ட்டி-யூசர் டார்கெட் என்பது பலர் நுழையத்தக்க எழுத்துநிலை. கிராஃபிகல் டார்கெட் என்பது அதை உள்ளடக்கி வரைகலை வாயிலையும் வேண்டும் நிலை. 'சிஸ்டம்சிடிஎல் செட்-டிஃபால்ட்' என்று இலக்கின் பெயரைச் சொன்னால், இயல்பு இலக்கைச் சுட்டும் இணைப்பு ஒன்று மாற்றப்படுகிறது, அது நிரந்தரம். 'ஐசொலேட்' என்றால் அப்போதைக்கு மட்டும்.

இவ்வமைப்பின் நுட்பம் இரண்டு வினைச்சொற்களின் வேறுபாட்டில் உள்ளது. கிராஃபிகல் டார்கெட், மல்ட்டி-யூசர் டார்கெட்டை இன்றியமையாததாகக் கோருகிறது. புகுபதிகை நிரலையோ வெறுமனே விரும்புகிறது. கோரியது கிடைக்காவிடில் இலக்கு தோல்வி. விரும்பியது கிடைக்காவிடில் ஒன்றுமில்லை. ஆதலால் மேசைத்தளமே நிறுவப்படாத கணினியில் இயல்பு இலக்கு கிராஃபிகல் என்றிருந்தாலும் அது அமைதியாக எழுத்துத் திரையில் வந்து நிற்கிறது. டெபியனில் பல வழங்கிக் கணினிகள் இந்நிலையிலேயே இயங்குகின்றன. இது வசதியே. ஆனால் இயல்பு இலக்கின் பெயரைப் பார்த்து அக்கணினியில் வரைகலை இருக்கிறதா என்று முடிவு கட்டுவோர் இதனால் ஏமாறுகின்றனர் என்பதையும் சொல்ல வேண்டும். எண்ணுக்குப் பதில் பெயர் வந்தமையால் மட்டும் பொருள் தெளிந்துவிடவில்லை.

'ஐசொலேட்' கட்டளையின் கடுமையும் கருதத்தக்கது. தான் செல்லும் இலக்கைச் சாராத சேவைகளை அது நிறுத்துகிறது; மேசைத்தளத்தில் சேமிக்காது விட்ட கடிதத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை. பழைய 'இனிட் 3'-உம் அவ்வளவு தாட்சண்யம் காட்டியதில்லைதான். சிஸ்டம்டியின் மேல் எழுந்த பெருங்கண்டனங்கள், டெபியனின் தொழில்நுட்பக் குழு 2014-இல் அதைத் தேர்ந்ததும் டெவுவான் என்ற கிளை வழங்கல் பிரிந்து போனதும் உட்பட, வேறு காரணங்களைப் பற்றியவை. அவற்றை இங்கே தீர்க்க முற்படுவது பொருத்தமன்று. நம் வினாவின் எல்லைக்குள் நின்று பார்த்தால், வழங்கலுக்கு வழங்கல் மாறுபட்ட விடையை ஏறக்குறைய ஒரே விடையாக்கியது அதுவே என்பதை அதன் எதிரிகளும் மறுக்க மாட்டார்கள்.

நிறுவாமலே விடுதல்

உள்ளதை நிறுத்துவதைவிட, இல்லாமலே வைத்துக்கொள்வது மேல் என்ற கட்சி வழங்கிகளை நிர்வகிப்போரிடையே வலுவானது. ஓடாத நிரலும் வட்டில் இடம் கொள்கிறது, புதுப்பிப்புக் கேட்கிறது, பிழைக்கு இடந்தருகிறது என்பது அவர்கள் வாதம்; அதில் மறுப்பதற்கு அதிகமில்லை. ராஸ்பெரி பை கணினியின் சரித்திரம் இங்கே சுவையானது. 2012-இல் அச்சிறு கணினி வெளிவந்தபோது, அதன் ராஸ்பியன் வழங்கல் இயல்பாக எழுத்துத் திரையிலேயே எழுந்தது. 2015-இல் ஜெஸ்ஸி பதிப்பு முதல் நேரே மேசைத்தளத்தில் எழலாயிற்று. அதே ஆண்டில் மேசைத்தளமே இல்லாத 'லைட்' பதிப்பும் தனியே வெளிவந்தது. ராஸ்பியனின் ராஸ்பி-கான்ஃபிக் கருவி எழுத்து, எழுத்தோடு தானியங்கிப் புகுபதிகை, மேசைத்தளம், மேசைத்தளத்தோடு தானியங்கிப் புகுபதிகை என்று நான்கு தேர்வுகளை வைத்ததைக் கூர்ந்து நோக்கினால், கடவுச்சொல் கேட்பதா என்பதும் திரை எது என்பதும் இரு வேறு வினாக்கள் என்ற உண்மையை, மற்றெவரும் வெளிப்படையாகச் சொல்லாத ஒன்றை, ஒரு சிறுவர் கணினி சொல்லிவிட்டது புலப்படும்.

தீராதவை

நிரந்தர மாற்றத்துக்கு இலக்கு, ஆபத்தில் துவக்க வரி, தேவையே இல்லாதவிடத்தில் நிறுவாமை என்ற அளவில் நடைமுறை வினா பெரும்பாலும் தீர்ந்துவிட்டது எனலாம். தீராதிருப்பது, வரைகலையை விட்டு இறங்கி வருபவர் எங்கே இறங்குகிறார் என்பது.

முன்னாளில் எழுத்துத் திரை உண்மையிலேயே எழுத்துத் திரையாக இருந்தது. 80 பத்தி, 25 வரி என்று விஜிஏ அட்டையே எழுத்துக்களை வரைந்தது. 2009-இல் 2.6.29 கெர்னலோடு இன்டெல் அட்டைகளுக்குக் கெர்னலே திரைமுறையை அமைக்கும் வழக்கம் வந்து, பின்னர் பிற அட்டைகளுக்கும் பரவியது முதல், நாம் எழுத்துத் திரை என்று காண்பதும் கெர்னல் புள்ளி புள்ளியாக வரையும் படமே. வரைகலை இயக்கி பழுதுபட்டால் தஞ்சம் புகும் இடமும் அதே இயக்கியை நம்பி நிற்கிறது. அவ்விடத்தைப் பராமரிப்பாரும் குறைந்துவருகின்றனர். ஷிஃப்ட், பேஜ்அப் விசைகளால் பழைய வரிகளைப் பின்னோக்கிப் பார்க்கும் வசதி, பாதுகாப்புக் குறை ஒன்றைக் காரணமாகக் கொண்டு 2020-இல் கெர்னலிலிருந்து நீக்கப்பட்டது. பிஆர்எல்டிடிஒய் வழியாகப் பிரெய்ல் கருவியிலும், ஸ்பீக்கப் வழியாகக் குரலிலும் இம்முனையத்தைப் படிக்கும் பார்வையற்ற பயனர்கள் இருக்கையில், இதைப் பழம்பொருள் என்று ஒதுக்குவது எளிதன்று. மறுபுறம், 2024-இல் வந்த நோம் 46, திரையே இணைக்கப்படாத கணினியின் மேசைத்தளத்துள் தொலைவிலிருந்து புகுபதிகை செய்ய வழி வகுத்திருக்கிறது. கண்முன் திரை இல்லாமலே மேசைத்தளம் ஓடுமெனில், 'வரைகலையின்றி' என்ற சொல்லுக்கே புதிய வரையறை தேவைப்படும்.

தமிழுக்கு இதில் ஒரு தனி வழக்கு உண்டு. லினக்ஸ் கெர்னலின் முனையம் ஒரு நேரத்தில் 256 அல்லது 512 எழுத்துருவங்களை மட்டுமே வைத்துக்கொள்ள வல்லது. தமிழின் 247 எழுத்துக்கள் அவ்வெண்ணிக்கைக்குள் அடங்குமே என்று எண்ணத் தோன்றும், அடங்கா. யூனிகோட் முறையில் 'கொ' என்பது ககரமும் உயிர்க்குறியும் சேர்ந்த தொடர். குறியின் ஒரு பாதி முன்னேயும் மறு பாதி பின்னேயும் போய் அமர வேண்டும். முனையமோ குறியீட்டெண்களைத் தனித்தனியே எடுத்து, ஒரே அகலமுள்ள கட்டங்களில் இட்டுச் செல்வது. ணகர ஐகாரத்தின் அகலத்துக்கும் ரகரத்தின் அகலத்துக்கும் ஒரே கட்டம் எவ்வாறு பொருந்தும்? 2007-இல் டெபியன் 4.0 தன் நிறுவல் நிரலுக்கு வரைகலை முகப்பொன்றைச் சேர்த்தபோது சொல்லப்பட்ட காரணங்களுள், கூட்டெழுத்துக்களும் சிக்கலான எழுத்தமைப்பும் உடைய மொழிகளைச் சரியாகக் காட்டுவதும் ஒன்று. மேசைத்தளத்தில் தமிழில் செய்தி படித்துப் பழகிய நிர்வாகி, அதே கணினியை எழுத்துத் திரையில் எழுப்பினால், செய்திகள் கட்டங்களாகக் கண்முன் நிற்கின்றன. மொழித் தேர்வை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்வதன்றி வழியில்லை.

கேஎம்எஸ்கான் போன்ற முயற்சிகள், முனையத்தைக் கெர்னலுக்கு வெளியே கொண்டுவந்து, மேசைத்தளத்தின் எழுத்துரு நூலகங்களைக் கொண்டே வரையலாம் என்று காட்டியிருக்கின்றன. 512 என்ற வரம்பு அதனால் விலகும். கட்டங்களில் எழுத்தை அடைக்கும் சிக்கல், வரைகலைத் தளத்தினுள் ஓடும் முனைய நிரல்களிலேயே இன்னும் முற்றாகத் தீராதபோது, வெளியே வந்த முனையத்தில் மட்டும் தீர்ந்துவிடும் என்று சொல்வதற்கு இப்போது ஆதாரம் இல்லை.